பூட்டைக் கழற்றாதீங்க, சார்!

வீட்டு வைஃபை படுத்துவிட்டால் நம்மிடம் இருப்பது ஒரே கை வைத்தியம்தான். ஸ்விட்சை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போடுவது. பழைய டி.வி.யின் தலையில் தட்டினோமே, அதே கைராசி! பெரும்பாலும் பலிக்கும். பலிக்காத அன்றைக்குத்தான் வீட்டில் 'நீ எதையோ அமுக்கிட்டே', 'நீங்கதான் மட்டமான பிளான் போட்டீங்க' என்று கச்சேரி ஆரம்பமாகும்.

எங்கள் ஃபிளாட்ஸின் கீழ்த்தளத்தில் ரிடையரான தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். போன மாதம் புது ரௌட்டர் வாங்கினார். லீவில் வந்த மகன், இருப்பதிலேயே பலமான செக்யூரிட்டியைப் போட்டுவிட்டு ரயிலேறிவிட்டான். புது மொபைல்கள் ஜம்மென்று ஓடின. சாரின் பழைய பிரின்ட்டரும் லேப்டாப்பும் மட்டும் சேர மாட்டேன் என்று அடம்.

"பாஸ்வேர்ட் தப்புங்குது சார். முப்பத்தஞ்சு வருஷம் பசங்க ஸ்பெல்லிங்கைத் திருத்தினவன், என்கிட்டயே தப்புங்குது!"

இணைப்புக் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். இரண்டு நிமிஷம் பார்த்தான்.

"பாஸ்வேர்டையே எடுத்துட்டு ஓப்பன்ல விட்டுடறேன் சார். எல்லாம் கனெக்ட் ஆயிடும்."

ஆகும்தான். சாவி சேரவில்லை என்று கதவையே கழற்றி வைத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாமே!

"தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி அவனுக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னேன். 2008 ஜூலை 26. ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிஷங்கள் முன்பு டி.வி. சேனல்களுக்கு ஒரு மிரட்டல் ஈ-மெயில் வந்தது. போலீஸ் தடம் பிடித்துப் போய் நின்ற இடம், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் ஃபிளாட். அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமில்லை. அவர் வீட்டு வைஃபைக்குள் யாரோ நுழைந்து மெயிலை அனுப்பிவிட்டுப் போயிருந்தார்கள். மனிதரைத் துருவித் துருவி விசாரித்தார்கள். மெயில் போனது அவர் வீட்டு இணைப்பின் எண்ணிலிருந்து அல்லவா?

பென்ஷன், பேங்க் எல்லாவற்றையும் இந்த ஒரு இணைப்பில் வைத்திருக்கும் தலைமை ஆசிரியர் முகம் வெளிறிவிட்டது. "அப்ப என்னதான் சார் பண்றது?"

வைஃபை பூட்டுகளில் தலைமுறைகள் உண்டு. 1997-ல் வந்த முதல் பூட்டு டபிள்யூ.இ.பி. 2001-லேயே அதன் குட்டு வெளிப்பட்டுவிட்டது. 2003-ல் அவசரத்துக்கு டபிள்யூ.பி.ஏ., 2004-ல் உருப்படியாக டபிள்யூ.பி.ஏ.2, 2018-ல் டபிள்யூ.பி.ஏ.3. மகன் போட்டது இந்தக் கடைசிப் பூட்டை மட்டும். பழைய பிரின்ட்டருக்கு அந்தப் பாஷையே தெரியாது. பாஷை புரியவில்லை என்று சொல்லவும் தெரியாததால் சில மெஷின்கள் 'பாஸ்வேர்ட் தப்பு' என்று நம் தலையில் பழியைப் போட்டுவிடும்.

வைத்தியம் ஐந்து நிமிஷம்தான். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 மாதிரி ஒரு நம்பர் இருக்கும். அதை பிரௌசரில் அடித்து உள்ளே போய், வயர்லெஸ் செக்யூரிட்டி என்ற இடத்தில் 'டபிள்யூ.பி.ஏ.2/டபிள்யூ.பி.ஏ.3' என்று இரண்டும் கலந்த மோடைத் தேர்ந்தெடுங்கள். புதுசு புதுப் பூட்டில் வரும், பழசு பழைய பூட்டில் வரும். அப்படியும் ஏதாவது கிழம் முரண்டு பிடித்தால் 'டபிள்யூ.பி.ஏ.2 - ஏ.இ.எஸ்.' மட்டும் போடுங்கள். நல்ல நீளமான பாஸ்வேர்ட் இருந்தால் வீட்டுக்கு அது போதும்.

பக்கத்திலேயே 'டி.கே.ஐ.பி.' என்று ஒன்று பல்லை இளிக்கும். தொடாதீர்கள். பாதுகாப்பும் குறைவு, வேகமும் 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. நூறு, இருநூறு மெகாபிட்டுக்குப் பணம் கட்டிவிட்டு 'ஏன் சார் மெதுவா இருக்கு?' என்று கேட்பவர்கள் இதையும் ஒருதரம் பார்ப்பது நல்லது.

சார் வீட்டில் கலந்த மோடைப் போட்டதும் லேப்டாப் உடனே சேர்ந்துகொண்டது. பிரின்ட்டர் ம்ஹூம்! அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும், சார் அதை 5-ல் சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றியதும் 'கர்ர்' என்று ஒரு பக்கம் துப்பியது. கம்பெனிப் பையன் எல்லாவற்றையும் ஆர்வமாக போனில் படம் பிடித்துக்கொண்டான். சமர்த்து. சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

உள்ளே போனது போனீர்கள், இன்னும் இரண்டு காரியம். ஒன்று, ரௌட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்ட் 'அட்மின்' என்றே இருந்தால் மாற்றுங்கள். இரண்டு, டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ரௌட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள். புது ரௌட்டர்களில் இதற்குத் தடுப்பு உண்டு. பழசில் இருக்குமென்று நம்ப வேண்டாம்.

இன்று ராத்திரி சாப்பிட்டதும் மொபைலில் வைஃபை லிஸ்டைத் திறந்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பெயருக்கு எதிரே பூட்டுப் படம் இல்லையென்றால், சீரியல், கிரிக்கெட் எல்லாம் அப்புறம்!