கதவின் உட்பக்கமும் தெரிந்திருக்கட்டும்

குழாயின் வாசர் தேய்ந்தால் நாமே மாற்றிக்கொள்கிறோம். தையல் மெஷினில் நூல் சிக்கினால் மூடியைக் கழற்றி, தூசு தட்டி, எண்ணெய் விட்டு மறுபடியும் பூட்டிவிடுகிறோம். ஆனால் வாசலில் நிற்கும் கார் என்று வந்துவிட்டால் மாத்திரம், "அது கராஜ்காரர் பார்க்க வேண்டிய வேலை" என்று ஒதுங்கிவிடுகிறோம். பிள்ளைகளைப் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் ஏற்றி இறக்குவதும், மழையில் நனைந்த ஆசனத்தைக் காய வைப்பதும் நம் கையால்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் நாட்டில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் புதிய வண்டி வாங்க நினைத்தவர்களும் பழையதையே பேணிக்கொண்டார்கள். ஆகவே பதினைந்து, இருபது வருடம் ஓடிய கொரோலாவும் சன்னியும் மாருதியும் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. இந்த வயதுக் கார்களில் கதவைப் பற்றிய முறைப்பாடுகளுக்குக் குறைவில்லை. கண்ணாடி பாதியில் நிற்கிறது. கதவினுள்ளே கடகடவென்று ஏதோ ஆடுகிறது. மழை பெய்த மறுநாள் கால் விரிப்பு ஈரமாகிறது. எல்லாவற்றிலும் பாரதூரமானது, பின் ஆசனத்துப் பிள்ளை உட்கைப்பிடியை இழுத்தும் கதவு திறக்காமல் இருப்பது. அவசரத்தில் ஒரு பிள்ளை வெளியே வர முடியாத கதவை, "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று விட்டுவைக்க முடியாது.

இவை யாவற்றுக்குமான காரணம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கராஜ்களில் "டோர் போர்ட்" என்று சொல்லும் உட்பலகைக்குப் பின்னால். அதைக் கழற்றுவதற்குப் பலம் தேவையில்லை. ஒழுங்கும் பொறுமையும் போதும்.

கழற்றாமலே பார்க்க வேண்டியவை

பின் கதவு உள்ளிருந்து திறக்கவில்லை என்றால், முதலில் வெளியிலிருந்து கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். பூட்டுக்குப் பக்கத்தில் சிறியதொரு நெம்பு இருக்கும். அதுதான் சிறுவர் பூட்டு. அது தவறுதலாக மாறியிருந்தால் உட்கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. நெம்பை மறுபக்கம் தள்ளினால் காரியம் முடிந்தது. இதற்காகப் பலகையைக் கழற்றவும் வேண்டாம், காசு கொடுக்கவும் வேண்டாம்.

கதவினுள் தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டால், கதவின் அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே சிறு துவாரங்கள் இருக்கும். இலைத் துணுக்கும் மண்ணும் அவற்றை அடைத்துவிடுவதுண்டு. தென்னை ஈர்க்கு ஒன்றினால் மெதுவாகக் குத்திவிட்டால் தேங்கிய நீர் இறங்கிவிடும். காத்தான்குடி, கல்முனை, பேருவளை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு இருப்பதால், இத்துவாரங்கள் அடைபட்டால் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும்.

ஆயத்தம்

மேற்சொன்னவற்றால் தீரவில்லையென்றால் பலகையைக் கழற்றலாம். முதல் தடவை என்றால் ஒன்றரை மணித்தியாலமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். மழையில்லாத பகற்பொழுதாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

தேவையானவை அதிகமில்லை. நட்சத்திர முனை ஸ்குரூ ட்ரைவர் ஒன்று, தட்டை முனை ஒன்று, துணி சுற்றிய தட்டையான மரக் கரண்டிக் காம்பு ஒன்று, பழந்துணி, கையுறை, கழற்றும் ஆணிகளைப் போட ஒரு முட்டைத் தட்டு. வளையல், மோதிரம் இவற்றைக் கழற்றி வையுங்கள். தொங்கும் ஷோலை இறுகச் செருகிக்கொள்ளுங்கள். கதவின் உட்தகட்டில் வெட்டிய விளிம்புகள் கத்தி போல் இருக்கும்.

கண்ணாடியை முழுவதும் மேலேற்றுங்கள். சாவியை எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பு பெட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். சில ஹைப்ரிட் கார்களில் பன்னிரண்டு வோல்ட் பெட்டரி முன்பக்கத்தில் இராது. பின் ஆசனத்தின் அடியில் அல்லது டிக்கியில் இருக்கும்.

ஆசன ஓரத்தில் "எயார்பேக்" என்று எழுதிய சிறு துண்டு தைத்திருந்தால், அது பக்க மோதலுக்கான பாதுகாப்பு உள்ள கார். அத்தகைய கார்கள் சிலவற்றில் மோதலை உணரும் கருவி முன் கதவினுள்ளேயே இருக்கும். எல்லா வயர்களையும் திரும்பப் பூட்டி முடிக்கும் வரை பெட்டரியை இணைக்கவே கூடாது. அவ்வெழுத்து கதவுப் பலகையிலேயே இருந்தால் தொட வேண்டாம். அதைப் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கழற்றும் ஒழுங்கு

ஒவ்வொரு கட்டத்திலும் கையடக்கத் தொலைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஆணிகளை வரிசைப்படி முட்டைத் தட்டின் குழிகளில் போடுங்கள். பத்து வயதுப் பிள்ளையொன்றை இந்தப் பொறுப்புக்கு இருத்திவைத்தால், கடைசியில் "உம்மா, ஒரு ஆணி மிச்சம்!" என்று சரியான நேரத்தில் குரல் கொடுக்கும்.

முதலில் தேட வேண்டியது ஒளிந்திருக்கும் ஆணிகளை. கை வைக்கும் பிடியின் குழியில் ஒன்றோ இரண்டோ இருக்கும். உட்கைப்பிடியின் பின்னால் ஒன்று இருக்கும். இவற்றின் மேல் விரல் நகம் அளவில் சிறு மூடி போட்டிருப்பதும் உண்டு. தட்டை முனையால் அதை மெதுவாகத் தூக்கி எடுக்கலாம். முன் கதவில் பக்கக் கண்ணாடிக்கு நேரே உட்புறத்தில் முக்கோண மூடியொன்று இருந்தால் அதையும் கழற்ற வேண்டிவரலாம். பலகை உடைவது பெரும்பாலும் ஓர் ஆணி மிஞ்சியிருக்க இழுப்பதனால்தான். அது வர மறுத்தால் பலத்தைக் கூட்டாமல், மிஞ்சிய ஆணியைத் தேடுங்கள்.

கையால் சுற்றிக் கண்ணாடியை ஏற்றும் பழைய கார்களில், அந்தச் சுற்றுக் கைப்பிடி ஒரு புதிர் போலத் தெரியும். அதில் ஆணியே இராது. கைப்பிடியின் பின்னால் குதிரை லாடம் போல் வளைந்த ஒரு கம்பி கிளிப்தான் அதைப் பிடித்திருக்கும். இங்கே உதவுவது ஒரு துண்டுத் துணி. கைப்பிடிக்கும் அதன் பின்னுள்ள வட்டமான பிளாஸ்டிக் வளையத்துக்கும் இடையே துணியைச் செருகி, இரண்டு நுனிகளையும் பிடித்து இடமும் வலமுமாக அறுப்பது போல் இழுங்கள். கிளிப்பின் நுனி துணியில் சிக்கி வெளியே வந்துவிடும். அது தெறித்து ஓடுமாதலால் பக்கத்தில் ஒரு துவாயைப் பிடிக்கச் சொல்லுங்கள். கழற்றுமுன் கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதையும் படமெடுத்து வையுங்கள். திரும்பப் பூட்டும்போது கிளிப்பை முதலில் கைப்பிடியில் மாட்டி, பின்பு அப்படியே அழுத்தினால் போதும்.

ஆணிகள் முடிந்ததும், பலகையின் ஓரங்களைச் சுற்றிப் பிளாஸ்டிக் கிளிப்புகள் இருக்கும். அடி மூலையிலிருந்து தொடங்குங்கள். மரக் காம்பை பலகைக்கும் தகட்டுக்கும் இடையே விட்டு, கிளிப் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் நெம்புங்கள். தூரத்தில் நெம்பினால் பழைய அட்டைப் பலகை கிளிப்பின் இடத்திலேயே கிழிந்துவிடும். கீழும் இரு பக்கமும் விடுபட்டதும், பலகையை இரு கையாலும் பிடித்து மேல்நோக்கித் தூக்குங்கள். கண்ணாடி ஓரத்தில் அது கொளுவி நிற்பதால், வெளிப்பக்கம் இழுத்தால் வராது.

தூக்கியவுடன் இழுத்து எடுத்துவிடாதீர்கள். பின்னால் வயர்கள் இருக்கும். பிளக்கின் சிறு நாக்கை அழுத்திக்கொண்டு பிளக்கையே பிடித்துக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுத்தல் கூடாது. உட்கைப்பிடியிலிருந்து செல்லும் கம்பி அல்லது கேபிளையும் அப்படியே விடுவிக்க வேண்டும்.

கறுப்புப் பசையில் ஒட்டிய பொலித்தீன்

பலகை போனதும் கண்ணில் படுவது, கதவு முழுவதையும் மறைத்து கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும் ஒரு பொலித்தீன் விரிப்பு. கதவு வேலையில் அதிகம் அலட்சியம் செய்யப்படுவது இதுதான். "பக்கிங் பேப்பர்தானே" என்று கிழித்து எறிந்துவிடுவதுண்டு.

அதன் வேலையை விளங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்யும்போது கண்ணாடியில் வழியும் நீரில் ஒரு பகுதி, வெளி ரப்பரைத் தாண்டிக் கதவினுள் இறங்கத்தான் செய்யும். கார் அப்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. இறங்கிய நீர் அடித் துவாரங்களால் வெளியேற வேண்டும். அது உள்பலகையில் படாமல் மறித்து, மீண்டும் கதவினுள்ளேயே விழச் செய்வது இந்த விரிப்புத்தான். விரிப்பு இல்லாவிட்டால் பலகை நீரை உறிஞ்சி வீங்கும், கிளிப்புகள் கழன்று நிற்கும், கால் விரிப்பு நாறும். எனவே அதை மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். பசை இறுகியிருந்தால் முடி உலர்த்தும் கருவியால் சற்றே சூடாக்கலாம். உரித்த பசையில் மண் படவிடாதீர்கள். திரும்ப ஒட்டும்போது அடி விளிம்பு முன்பிருந்தபடியே கதவின் உட்பக்கம் செருகி நிற்க வேண்டும். கிழிந்திருந்தால் தடித்த பொலித்தீனை அதே அளவில் வெட்டி ஒட்டலாம்.

உள்ளே பார்த்தவுடன்

கைப்பிடியிலிருந்து பூட்டுக்குச் செல்லும் கம்பியைப் பின்தொடர்ந்து பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் சிறு பிளாஸ்டிக் கொளுவி உடைந்து கம்பி விழுந்திருப்பது, உள்ளிருந்து திறக்காத கதவுக்கு ஒரு பொதுவான காரணம். கொளுவியின் மாதிரியைக் கையில் எடுத்துச் சென்றால், கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற உதிரிப்பாகக் கடைகளில் பொருத்தமானதைத் தேடலாம். உடைந்த பலகைக் கிளிப்புகளுக்கும் அவ்வாறே.

கடகடவென்ற சத்தம் என்றால் தளர்ந்த நட்டையோ, அடியில் விழுந்து கிடக்கும் ஆணியையோ காண்பீர்கள். கண்ணாடியை ஏற்றும் இரும்புக் கைகள் காய்ந்திருந்தால் சிறிது கிறீஸ் பூசலாம். கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் மாத்திரம் கிறீஸோ தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ வேண்டாம். எண்ணெயில் தூசு ஒட்டிப் பசையாகும், ரப்பரும் கெடும். அதற்கென்று சிலிக்கன் ஸ்ப்ரே விற்கிறார்கள்.

கண்ணாடியைத் தாங்கும் பாகத்தையோ மோட்டாரையோ கழற்ற வேண்டிய நிலை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். தாங்கல் விடுபட்டால் கண்ணாடி விழும், அல்லது அந்த இரும்புக் கைகள் விரலை நசுக்கும். அது கைபழகியவரின் வேலை. ஆனாலும் குறை எங்கே என்று கண்ட பின்னர் கராஜுக்குப் போகிறவருக்கும், "கதவு சரியில்லை" என்று மட்டும் சொல்லிப் போகிறவருக்கும் வித்தியாசம் உண்டு. எந்தப் பாகத்தை மாற்றினார்கள், பொலித்தீனைத் திரும்ப ஒட்டினார்களா என்று நீங்கள் கேட்கலாம். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லலாம்.

கதவை மூடுவதற்கு முன்

எல்லாவற்றையும் பூட்டியதும் ஆசையோடு கதவை அடித்துச் சாத்திவிடாதீர்கள். கதவு திறந்திருக்கும் நிலையிலேயே, அதன் ஓரத்திலுள்ள பூட்டின் நாக்கை ஸ்குரூ ட்ரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இப்போது உட்கைப்பிடியை இழுங்கள். நாக்கு டக்கென்று விடுபட வேண்டும். மறுபடி தள்ளி வெளிக்கைப்பிடியையும் இழுத்துப் பாருங்கள். இரண்டும் வேலை செய்தால் மட்டுமே கதவை மூடலாம். ஏனெனில் கம்பி மாட்டுப்படாத கதவு ஒரு தடவை மூடிக்கொண்டால், பலகையைக் கழற்றவும் வழியில்லை, கதவைத் திறக்கவும் வழியில்லை என்றாகிவிடும்.

பின்பு பெட்டரியை இணையுங்கள். பவர் ஷட்டர் உள்ள பல கார்களில், தானாக ஏறி இறங்கும் வசதி பெட்டரி கழற்றியதால் மறந்துபோயிருக்கும். கண்ணாடியை மேலே ஏற்றி, சுவிட்சைச் சில விநாடிகள் விடாமல் பிடித்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடைசியாக ஒரு கோப்பைத் தண்ணீரை வெளிப்பக்கக் கண்ணாடியில் ஊற்றுங்கள். சிறிது நேரத்தில் கதவின் அடித் துவாரங்களால் சொட்ட வேண்டும். உட்பக்கம் காய்ந்தே இருக்க வேண்டும்.

சகோதரிகளே, உங்கள் காரில் இப்போது குறையேதும் இல்லாதிருக்கலாம். அப்படியென்றாலும் இந்த வாரம் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நான்கு கதவுகளிலும் பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே இருத்தி, உட்கைப்பிடியை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். எந்தக் கதவு திறக்கவில்லை என்பதை அவசரம் வருமுன் அறிந்துகொள்வது நல்லது.