ஃபார்மட் பண்ணிடவா?

சனிக்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்து ஹெட்போனைக் கழற்றினால், கைப்பேசியில் சின்னம்மாவின் ஐந்து மிஸ்ட் கால். பீடோங்கில் இருக்கிறார். நான் வானொலியில் எதையாவது உளறினால்தான் வழக்கமாக அழைப்பார். அன்று விஷயம் வேறு.

“கண்ணு, கம்ப்யூட்டர் போச்சு லா. தம்பி புது விண்டோஸ் ஏத்துறேன்னு உட்கார்ந்தான். இப்ப வட்டமா சுத்துது, அணையுது, மறுபடியும் சுத்துது. கடையில கேட்டா ஃபார்மட் பண்ணணுமாம். பண்ணிடச் சொல்லவா?”

“வேணாம் சின்னம்மா! யாரும் கை வைக்காதீங்க. நான் வரேன்.”

என் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் கணினியில் பாட்டியின் குரல் இருக்கிறது. ஊடகத் துறையில் படித்தபோது ஒரு பயிற்சிக்காகப் பாட்டியைப் பேச வைத்துப் பதிவு செய்தேன். விடியும் முன் பெரட்டுக்கு ஓடியது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டியது, மழை பிடித்தால் அன்றைய சம்பளமும் போனது எல்லாம் 43 நிமிடத்தில் இருக்கும். பாட்டி இப்போது இல்லை. அந்தத் தோட்டத்தில் ரப்பரும் இல்லை, செம்பனைதான். என்னிடம் இருந்த பிரதி பழுதான வன்தட்டோடு போய்விட்டது. ஒலியை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவள் இப்படி ஒரே ஒரு பிரதியை நம்பி இருந்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங் போவதற்குள் தம்பியிடம் கைப்பேசியிலேயே விசாரணையை முடித்தேன். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பள்ளிப் பாடம் வீட்டுக்குள் நுழைந்தபோது வாங்கிய கணினி அது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், திரையில் ஓயாமல் எச்சரிக்கை வந்திருக்கிறது. தம்பியும் விண்டோஸ் 11-க்கு மாற்றத் தொடங்கிவிட்டான்.

“பாதியில நின்னுடுச்சு அக்கா. ரெண்டு மணி நேரம் பார்த்தேன். நம்பர் ஏறவே இல்ல. சுவிட்ச அணைச்சுட்டேன்.”

அங்கேதான் வினை. மேம்படுத்தும்போது திரையில் தெரியும் சதவீதம் கார் மீட்டர் மாதிரி சீராக ஏறாது. பழைய விண்டோஸை ஓரமாக நகர்த்தி வைத்து, புதியதை விரித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய டிரைவரைப் பொருத்திப் பார்க்கும். ஏதாவது ஒன்றில் வெகுநேரம் நிற்கலாம். கணினிப் பெட்டியில் வன்தட்டு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்போது தொடக் கூடாது. தானாகத் தோற்றால், பெரும்பாலும் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பாதியில் மின்சாரத்தைப் பிடுங்கினால்தான் முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் அந்தரத்தில் தொங்கும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஃபார்மட் செய்தாலும் கணினி ஓடும். அவருக்கு அதுதான் சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால் விண்டோஸ் கெட்டுப்போவதும் உங்கள் கோப்புகள் கெட்டுப்போவதும் ஒன்றல்ல. வீட்டுக் கதவு இறுகிக்கொண்டதற்காக வீட்டையா இடிப்போம்? கடையில் கொடுக்க வேண்டி வந்தாலும், “முதலில் ஃபைல்களை எடுத்துக் கொடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

நான் செய்தது இதுதான். கணினியைத் திறந்து, விண்டோஸ் அடையாளம் வந்ததும் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், தொடங்க முடியவில்லை என்று புரிந்துகொண்டு பழுதுபார்க்கும் திரை தானாக வரும். (பாதியில் அணைக்காதே என்று தம்பியைத் திட்டிவிட்டு நானே அணைத்தேன். அவன் சிரித்தான்.) அதில் ‘டிரபிள்ஷூட்’, அடுத்து ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அடுத்து ‘கமாண்ட் பிராம்ப்ட்’. கறுப்புத் திரையில் ‘நோட்பேட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் எழுதுபலகை திறக்கும். அதில் ‘ஃபைல்’, ‘ஓப்பன்’ என்று போய், கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால், கணினியில் உள்ள எல்லாம் கண்முன் வரும். வேண்டிய கோப்புறையை காப்பி செய்து, செருகி வைத்த விரலியில் பேஸ்ட் செய்யலாம். இந்தத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். ‘சி’யில் எதுவும் இல்லை என்றதும் சின்னம்மா நெஞ்சில் கை வைத்தார். எல்லாம் ‘டி’யில் இருந்தது.

சில கணினிகள் இந்த இடத்தில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அப்படி. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கைப்பேசி வழியாக நுழைந்தால் அந்த எண் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே பார்த்து எழுதி வைப்பது நல்லது. கணக்கின் கடவுச்சொல்லையே மறந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காப்பி முடியும் வரை யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு பயமும் இல்லை. ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ கையை விரித்தது. ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ போய், கடைசியாக வந்த பெரிய அப்டேட்டை நீக்கச் சொன்னேன். பழைய விண்டோஸ் 10 எழுந்து வந்தது.

சி டிரைவில் மிச்சம் இருந்தது 9 ஜிபி. அதில் எப்படி ஏறும்? பழைய விளையாட்டுகளையும் வாட்ஸ்அப் வீடியோக் குப்பையையும் அள்ளியதும் 40 ஜிபி கிடைத்தது. எப்போதோ தூக்கிப்போட்ட பிரிண்டரின் டிரைவரையும் நீக்கினேன். பிழை எண்ணில் 80070070 என்று வந்தால் இடப் பற்றாக்குறை. சி1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் டிரைவர் தகராறு. விசைப்பலகை, மௌஸ் தவிர மற்ற யுஎஸ்பி சாமான்களையும் கழற்றிவிடுங்கள்.

உங்கள் கணினி 2018-க்கு முந்தியது என்றால் விண்டோஸ் 11 அதை ஏற்காமல் போகலாம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், பட்டியலில் உள்ள பிராசஸரும் கேட்கும். குறுக்கு வழி காட்டும் வீடியோக்களை நம்பி இறங்காதீர்கள். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருந்தால், அப்டேட் பக்கத்தில் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் அதற்குக் காசு இல்லை.

அன்று மாலை தம்பியையே மறுபடியும் தொடங்கச் சொன்னேன். வெளியே இடி முழங்க ஆரம்பித்ததும், “இன்னிக்கு வேணாம், நாளைக்குக் காலையில பண்ணு” என்று நிறுத்திவிட்டேன். சின்னம்மா விரலியை டிவியில் செருகச் சொன்னார். பாட்டி பேச ஆரம்பித்தார். நான் எப்போதோ மறந்துபோன ஒன்று அதில் இருந்தது. ஆறாவது நிமிடத்தில் பாட்டி பேச்சை நிறுத்திவிட்டு, “சாப்டியா நீ? முதல்ல சாப்பிடு, அப்புறம் கேளு” என்கிறார்.

மறுநாள் தம்பி படம் அனுப்பியிருந்தான். மேம்பாடு 61 விழுக்காட்டில் நின்றுகொண்டிருந்தது. சுவிட்சின் மேல் செலோடேப் ஒட்டி, ‘அம்மா, தொடாதீங்க’ என்று எழுதி வைத்திருந்தான்.