நித்தியகல்யாணிக் கஷாயம் கீமோ ஆகாது

கீமோ மருந்தான வின்கிறிஸ்டினே நித்தியகல்யாணியிலிருந்துதான் வருகிறது, அதன் இலையைக் காய்ச்சிக் குடித்தால் ரத்தப் புற்று தீரும், கீமோவை நிறுத்துங்கள் என்கிறார் ஒரு கட்டுரையாளர். முதல் பாதி உண்மை. மறுபாதி உயிருக்கு உலை.

ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடித்த கஷாயம் இது. கனடாவில் ஆய்வாளர்கள் நோபிளும் பீரும் எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள், சர்க்கரை இறங்கவில்லை. அதே சாற்றை ஊசியில் ஏற்றினார்கள். வெள்ளணுக்கள் சரிந்து எலிகள் தொற்றில் செத்தன. அந்தத் தடயத்தைப் பிடித்துப் போய்த்தான் 1958இல் இதே செடியின் இன்னொரு புற்று மருந்தான வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள்.

1 கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். சிரையில் ஏற்றும் வின்கிறிஸ்டினோ ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. மிஞ்சினால் நரம்புகளே கெடும். ஒரு டம்ளர் கஷாயத்தில் எதை அளப்பார் இவர்? கீமோவை நிறுத்தச் சொன்ன வரியை அவர் உடனே திரும்பப் பெற வேண்டும்.