ஜீவாமிர்தமும் மாமாவின் ஒன்றரை ஏக்கரும்

போன மாசம் வெள்ளவேடு மாமா ஆவடி வீட்டுக்கு வந்திருந்தார். பூந்தமல்லி - திருவள்ளூர் ரோட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர், குத்தகை நெல். யாரோ சொன்னார்கள் என்று யூரியாவை அடியோடு நிறுத்திவிட்டு ஜீவாமிர்தம் மட்டும் விட்டாராம். பயிர் மஞ்சளடித்து, வழக்கமான மூட்டையில் பாதிகூடத் தேறவில்லை. குத்தகைப் பணம் கடனாகி நிற்கிறது. "காலேஜ்ல படிக்கிறியே, இது வேலை செய்யுமா செய்யாதா?" என்றார். முழித்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம். அதில் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு பிடி மண். இவ்வளவிலும் இருக்கிற நைட்ரஜன், தாராளமாகப் பார்த்தாலும், கால் கிலோ. எட்டு தடவை விட்டாலும் 2 கிலோதான். மத்திய கால நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ. மீதி 58 எங்கிருந்து வரும்?

"இது உரமில்லை, நுண்ணுயிருக்கு உறை மோர் மாதிரி" என்பார்கள். சரி, ஆனால் பால் இருந்தால்தானே உறை மோர் தயிராக்கும்? மண்ணிலேயே சத்து இல்லையென்றால்?

இந்த முறையைப் பரப்பியவர் சுபாஷ் பாலேக்கர், 2016ல் பத்மஸ்ரீ வாங்கியவர். செடிக்கு வேண்டியதில் 98.5 சதவீதம் காற்று, தண்ணீர், வெயிலிலிருந்தே வருகிறது, மண்ணிலிருந்து 1.5 சதவீதம்தான் என்கிறார். எடைக்கணக்கில் பெருமளவு உண்மைதான். ஆனால் சாம்பாரில் உப்பும் எடைக்குக் கொஞ்சம்தான், போடாமல் சாப்பிட்டுப் பாருங்கள். 2019 பட்ஜெட்டில் இந்த முறைக்குப் பாராட்டு. அதே வருஷம் தேசிய வேளாண் அறிவியல் கழகம் இதற்குச் சரிபார்க்கத்தக்க ஆதாரம் இல்லை என்றது. 2021ல் இலங்கை ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்து, விளைச்சல் பயத்தில் நவம்பரிலேயே பின்வாங்கியதும் தெரிந்த கதை.

அதற்காக யூரியாவுக்குக் கொடி பிடிக்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று அள்ளிக் கொட்டுகிறோம். அதில் பெரும்பகுதி பயிருக்குப் போகாமல் காற்றிலும் தண்ணீரிலும் கலக்கிறது. நம்பத் தகுந்த மாற்றுகளும் இருக்கின்றன. தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதால், அதன் வேர் முடிச்சில் ரைசோபியம் பிடித்து வைத்த நைட்ரஜன் வயலுக்கு வருகிறது. அளந்து பார்த்த விஷயம் இது. தொழுவுரம், அசோலா, அசோஸ்பைரில்லம் எல்லாமே சோதனை வயலைத் தாண்டி வந்தவைதான். 'இயற்கை' என்று ஒரே மூட்டையில் கட்டி எல்லாவற்றையும் கும்பிடுவதும் தப்பு, கிண்டலடிப்பதும் தப்பு.

மாமாவிடம் இதைத்தான் சொன்னேன். முதலில் மண் பரிசோதனை. அடுத்த போகம் தக்கைப்பூண்டு, யூரியாவைக் கொஞ்சம் குறைத்து. ஜீவாமிர்தம் விட ஆசையா, பத்து சென்ட்டில் மட்டும் விடுங்கள், பக்கத்துப் பத்து சென்ட்டில் விடாதீர்கள், மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கட்டும், அறுவடையைத் தனித்தனியாக எடை போடுங்கள். விஞ்ஞானம் என்பது அவ்வளவுதான்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேடா" என்றார். அந்த ஒன்றரை ஏக்கரில் ஒரு போகம் போன பிறகுதான் நானும் கணக்குப் போட்டேன்.