ஒரு சொல் கேட்டுவிட்டுப் படம் பிடிப்போம்



கடந்த மாதம் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். மாலை நிறுவை முடிந்து, பெண்கள் கூடையும் படங்குமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் அறிக்கைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. மழையில் நனைந்திருந்த வயதான அம்மா ஒருவரை, அவர் கவனிக்காத நேரம் பார்த்துக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துவிட்டேன். கேட்டால் விறைத்துப்போய் நிற்பார், இயல்பு கெட்டுவிடும் என்பது என் எண்ணம்.

அவர் கண்டுவிட்டார். கோபப்படவில்லை. "ஏன் மிஸ், கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்? இந்தக் கோலத்துலயா புடிக்கிறது? ஒரு நல்ல சீலை கட்டிக்கிட்டு வந்திருப்பேனே" என்றார்.

எனக்கு முகம் கறுத்துவிட்டது. ஒருவரிடம் தகவல் பெறுமுன் அவருடைய சம்மதத்தைப் பெறவேண்டும் என்று சமூகவியல் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். சேறு படிந்த கோலம் எனக்கு 'இயல்பு'. நல்ல சீலை கட்டி, தலை வாரி, நேராகப் பார்க்கும் முகம்தான் அவருக்கு அவருடைய முகம். யாருடைய முகம் எப்படித் தெரியவேண்டும் என்று தீர்மானிக்க நான் யார்?

இந்தப் பள்ளத்தாக்குக்கு இது புதிய கதையல்ல. ஜூலியா மார்கரட் கமரன் என்ற உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரின் கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில்தான் இருக்கிறது. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். தமது 48ஆவது வயதில், மகள் பரிசளித்த கமெராவைக் கொண்டு இக்கலையைத் தொடங்கினார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் இலங்கை வந்தார். 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமானார். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த டார்வின், டெனிசன் முதலியோரின் பெயர்கள் படங்களோடு நிலைத்திருக்கின்றன. இங்கே அவர் படமெடுத்த தமிழ்த் தொழிலாளர் பலருடைய பெயர்களோ பதியப்படவே இல்லை.

அக்காலத்தில் படமெடுக்க, எதிரே இருப்பவர் நெடுநேரம் அசையாமல் இருக்கவேண்டும். எனவே கள்ளமாக எடுக்க வழியில்லை. ஆனால் தோட்டச் சொந்தக்காரரின் மனைவி "நில்" என்றால், ஒரு கூலிப் பெண்ணால் "மாட்டேன்" என்று சொல்லியிருக்க முடியுமா? மறுக்க முடியாதவரிடம் பெறும் சம்மதம் சம்மதமாகாது.

இதை எழுதும்போது உங்களில் பலரை நினைத்துக்கொள்கிறேன். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த நாட்களில், வரிசையில் நின்று உலர் உணவு வாங்கும்போது எத்தனை பேர் உங்களைப் படம் பிடித்திருப்பார்கள்! பொருள் கொடுப்பவரே கமெராவையும் நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா?

1984இல் பாகிஸ்தான் அகதி முகாமொன்றில் ஓர் ஆப்கான் சிறுமியின் படம் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது நெஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் அட்டையில் வந்து உலகமெங்கும் பரவியது. ஆனால் ஷர்பத் குலா என்ற அவருடைய பெயர் 2002இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. அதுவரை அவர் அந்தப் படத்தைக் கண்டதே இல்லை.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் கண்முன்னே படத்தை அழித்தேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். போனேன். லயத்து வாசலில் கதிரை போட்டு, பச்சைச் சீலை கட்டி, பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தார். எடுத்த படத்தைக் காட்டினேன். "இன்னொண்ணு எடுங்க, கண்ணு மூடியிருக்கு" என்றார். மூன்றாவது படம்தான் அவருக்குப் பிடித்தது.

பிறகு மெல்லச் சொன்னார்: "83 கலவரத்தோட என் தம்பி கிளிநொச்சிக்குப் போயிட்டான் மிஸ். 2009க்குப் பொறகு ஒரு தகவலும் இல்ல. தேடிப் போறவங்க எல்லாரும் கையில படம் வச்சிருக்காங்க. அவன் படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. அதான் என்னோடதாவது ஒண்ணு ஒழுங்கா இருக்கட்டும்னு."

1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள் அநேகர். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் வீதியோரத்தில் தொடர் போராட்டம் நடத்திய தாய்மாரின் கைகளில் இருந்தவை படங்கள்தாம். ஒரு முகத்தின் பெறுமதி அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே சகோதரிகளே, யாராவது கமெராவோடு வந்தால் தயங்காமல் கேளுங்கள்: "எதற்கு எடுக்கிறீர்கள்? எங்கே போடுவீர்கள்? எனக்கு ஒரு பிரதி தருவீர்களா?" விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உதவி பெறுவதற்காக முகத்தைக் கொடுக்கவேண்டியதில்லை. பிள்ளைகளின் படத்தை முகநூலில் போடுவதற்கு முன் உங்களைக் கேட்கவேண்டும். நீங்களே படம் எடுப்பவராக இருந்தால் முதலில் வணக்கம் சொல்லுங்கள், பெயரைக் கேளுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். தருவதாகச் சொன்ன பிரதியைக் கட்டாயம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அந்த அம்மாவின் படத்தை ஹட்டனில் கழுவிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். எங்கள் அறிக்கையில் அது வரவில்லை. "அது வீட்டுக்கு மட்டும் மிஸ்" என்று சொல்லிவிட்டார்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.