நூல்கள் கைமாறட்டும்

நூலுடைய இல்லத்துக் குழந்தை நூலைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாடநூலன்றி வேறு நூலே புகாத இல்லத்துக் குழந்தைக்கோ பள்ளிதான் நூலகம். அப்பள்ளியிலும் நூல்கள் பூட்டிய அலமாரிக்குள் உறங்குமாயின் அக்குழந்தை எங்கே செல்லும்?

1892இல் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன், 1931இல் நூல்வடிவில் தந்த ஐந்து விதிகளுள் நூல் பயன்பாட்டிற்குரியது என்பதையே முதலாவதாக வைத்தார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதிச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டி நூல்களைச் சுமந்து சென்றது. ஊரைத் தேடி நூல் சென்ற மண்ணில், ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருக்கும் மாணவனை நூல் சென்றடையாதது முறையாகுமா?

ஆசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. தொலைந்த நூலுக்குத் தாமே விலை தர நேருமோ என்னும் அச்சமே அவர் கையில் சாவியை இறுக்குகிறது. படித்துக் கிழிந்த நூலை இழப்பென்று கருதாத துணிவு நிருவாகத்திற்கு வேண்டும்.

ஒவ்வொரு வகுப்பிலும் திறந்த நூலடுக்கு ஒன்று அமையட்டும். பள்ளி தரும் கதைநூல்களோடு மாணவர் கொண்டுவருவனவும் அதில் சேரட்டும். கொடுக்க இயலாத சிறுவன் கூசாதிருக்க, கொடுத்தவர் பெயரை எழுத வேண்டா. எடுத்தவர் பெயரைக் குறிக்கும் ஏட்டை மாணவரே பேணட்டும். படித்ததற்குத் தேர்வும் மதிப்பெண்ணும் கூடா. "நன்றாயிருக்கிறது, நீயும் படி" என்று தோழன் கூறும் ஒரு சொல்லே போதிய தூண்டுதலாகும்.

சமுதாயப் பெரியோர்களே! ஆண்டுவிழாவில் கேடயங்கள் வழங்குகிறீர்கள். அவற்றுக்கு ஈடாக நூல்களை வழங்குங்கள். கேடயம் ஒரு வீட்டில் நின்றுவிடும்; நூலோ நாற்பது வீடுகளுக்கு நடக்கும்.