திருக்கையைக் காக்க வயலிலும் வேலை இருக்கிறது

வேளாண் பக்கத்தில் திருக்கை மீனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிக் கடலில் சேரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வானூர், திண்டிவனம், மரக்காணம் பகுதி ஏரிகளின் உபரி நீரும் நம் வயல்களின் வடிகால் நீரும் கழுவெளியில் சேர்ந்து, எடையன்திட்டு கழிமுகம் வழியாகத்தான் வங்கக் கடலுக்குப் போகின்றன. கழுவெளியை அரசு 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பறவை நம் கண்ணுக்குத் தெரிகிறது. சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை தெரிவதில்லை.

நம் கடலில் உள்ள புள்ளித் திருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அழியும் ஆபத்தில் உள்ளவை என்று ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியல் குறிக்கும் இனங்களில் இதுவும் ஒன்று. உலகின் சுறா, திருக்கை வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதே நிலையில் இருப்பதாக 2021-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது.

இறால் லட்சக்கணக்கில் முட்டையிடும். திருக்கையின் கணக்கு மாட்டின் கணக்கு. குட்டி தாயின் வயிற்றிலேயே வளர்கிறது. கரு உணவு தீர்ந்தபின், கருப்பைச் சுவரில் சுரக்கும் பால் போன்ற திரவத்தைக் குடிக்கிறது. புள்ளித் திருக்கை ஒரு ஈற்றுக்கு அதிகபட்சம் ஐந்து குட்டி போடும். அந்தக் குட்டி வளர்ந்து தாயாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று நாம் திருக்கைக் குழம்பு வைக்கிறோம். அந்த மீனும் குட்டிக்குப் பால் சுரப்பதுதான் என்பது பலருக்குத் தெரியாது.

நண்டு, இறால், புழுக்களைத் தேடித் திருக்கை அடிமண்ணைக் குழி பறித்துக் கிளறுகிறது. நிலத்தில் மண்புழு செய்யும் வேலையில் ஒரு பங்கைக் கடலடியில் இது செய்கிறது.

திருக்கை குறைய முதல் காரணம் அளவு மீறிய மீன்பிடிப்புதான். அடிமடி இழுவலையும் திருக்கை வலையும் தாய், குட்டி பார்ப்பதில்லை. பிடிபட்ட அதிர்ச்சியில் சினைத் திருக்கை குறைமாதக் குட்டிகளை ஈன்றுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் மட்டும் இதற்குப் போதாது. சினைப்பசுவை அடிமாட்டுக்கு அனுப்ப நமக்கு மனம் வராது. உயிரோடு வலையில் ஏறும் சினைத் திருக்கையையும் குட்டியையும் கடலில் விடுவதும் அதே நியாயம்தான்.

அதற்காக நம் பங்கை மறைக்க முடியாது. சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் மிகக் குறைந்த அளவிலேயே நண்டையும் இறாலையும் கொல்லக்கூடியவை. சம்பா பட்டத்தில் மருந்தடிக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. காலையில் தெளித்த மருந்து மாலை மழையில் வாய்க்காலில் இறங்கினால், உங்கள் பணமும் போச்சு, கழிமுகத்தின் இரையும் போச்சு.

நான் கேட்பது பெரிய தியாகம் அல்ல. நட்ட முதல் 30 நாளில் இலைச்சுருட்டுப் புழுவுக்கென்று மருந்தடிக்க அவசரப்படாதீர்கள்; பயிர் பெரும்பாலும் தானே தேறிவிடும். அதன் பிறகும் பூச்சி பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டும் தெளியுங்கள். மழை வரும் நாளில் தெளிக்காதீர்கள். தெளித்தபின் ஒரு வாரமாவது வயல் நீரை வடிக்காதீர்கள். யூரியாவை இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்து இடுங்கள். மருந்து டப்பாவை வாய்க்காலில் கழுவவே கூடாது.

கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் இறங்குவோருக்கு ஒன்று. காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். திருக்கை விலகிப் போய்விடும். வால் முள் குத்திவிட்டால், தோல் வெந்துவிடாமல் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் ஒரு மணி நேரம் காலை வையுங்கள். அதன் நஞ்சு சூட்டில் வீரியம் இழக்கும். பிறகு கட்டாயம் மருத்துவமனைக்குப் போங்கள்.

வேளாண் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேளாண்மைக்கு ஓர் அலுவலகம், மீன்வளத்துக்கு ஓர் அலுவலகம், சரணாலயத்துக்கு ஓர் அலுவலகம். தண்ணீர் மூன்றுக்கும் ஒன்றுதான். அடுத்த சம்பா நடவுக்கு முன் கழுவெளிக் கரை ஊர்களில் விவசாயிகளையும் மீனவர்களையும் ஒரே கூட்டத்தில் உட்கார வையுங்கள். நம் வடிகால் எங்கே முடிகிறது என்று மீனவர் வாயால் கேட்டால், அடுத்த முறை தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன் நாம் ஒரு நிமிடம் யோசிப்போம்.